ரௌலட் அறிக்கையில் ஒரு துப்பாக்கிப் பயிற்சி

1911 ஜூன் 17. திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் மனைவியோடு கொடைக்கானலுக்குக் கிளம்பியிருந்தார். மதுரையைத் தாண்டி கொடைரோட்டில் இறங்கி மலையேற வேண்டும். மணியாச்சியையே தாண்டவில்லை. செங்கோட்டை வாஞ்சிநாதன் ரயில் பெட்டியில் அவரைச் சுட்டுவிட்டு, தன்னையும் சுட்டுக்கொண்டார்.

கதை எல்லோருக்கும் தெரியும். அந்தக் கதையைச் சொல்லும் ரௌலட் குழு அறிக்கையை (1918) ஒரு பிரதியாக நாம் வாசித்ததில்லை. வங்காளத்துக்குப் பக்கம் பக்கமாக ஒதுக்கும் அறிக்கை, சென்னை மாகாணத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறது. 1910இல் புதுச்சேரி வந்த வ.வே.சு. ஐயர் இளைஞர்களுக்கு ரிவால்வர் பயிற்சி கொடுத்தார், வாஞ்சியும் அங்கே பழகினார் என்கிறது.

சரி, அப்போதே ஏன் தடுக்கவில்லை?

1878 ஆயுதச் சட்டம் மதுரையில் லைசென்ஸ் கேட்கும். புதுச்சேரி பிரெஞ்சு மண். அங்கே அதற்கு வேலையில்லை. அரசியல் குற்றத்துக்காக ஆளை ஒப்படைப்பதில்லை என்பது அன்றைய ஐரோப்பிய வழக்கம். பிரிட்டிஷார் உளவாளிகளை அனுப்பலாம், வாரண்டை அனுப்ப முடியாது. ஆஷ் வழக்கில் நீலகண்ட பிரம்மச்சாரிக்கு ஏழாண்டு கிடைத்தது. ஐயர் புதுச்சேரியிலேயே இருந்தார்.

இதைப் 'பிரெஞ்சுக்காரனின் பெருந்தன்மை' என்று மேடையில் பேசுவதும் தப்பு. 1909இல் கர்சன் வைலியைச் சுட்ட மதன்லால் திங்ரா எங்கே பழகினார்? லண்டன் டாட்டன்ஹாம் கோர்ட் ரோட்டில், காசு கொடுத்துச் சுடும் ஒரு கூடத்தில். பேரரசின் தலைநகரிலேயே குறிபார்ப்பது குற்றமில்லை. சுடுகிறவன் மனசில் யார் முகம் இருந்தது என்று போலீஸ்தான் நிரூபிக்க வேண்டும். பிரெஞ்சு அரசும் ஆஷ் கொலைக்குப் பிறகு இறுக்கியது: வெளியாட்கள் பதிவு செய்ய வேண்டும், உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் ஐந்து பேர் நற்சான்று தர வேண்டும். கலவை சங்கர செட்டியார் போன்றவர்கள் கையெழுத்துப் போட்டதால்தான் அடைக்கலம் நீடித்தது.

அறிக்கையோடு என் சண்டை இங்கேதான். சட்டத்தின் வரம்பு அதன் கண்ணுக்கு ஓட்டையாகவே தெரிகிறது. எங்கள் அலுவலக மொழியில் சொன்னால், ஃபீச்சரை பக் என்று பதிவு செய்கிறது. அது கொடுத்த தீர்வு 1919 ரௌலட் சட்டம்: விசாரணை இல்லாமலே அடைத்து வைக்கலாம். புதுச்சேரியில் எட்டாத கை, அமிர்தசரஸில் எட்டியது.

வரம்புக்கு விலை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆஷ் செத்தார். ஆனால் வரம்பை எடுத்துவிட்டால் பில் யார் தலையில் விழும்? 1980களில் ஈழப் போராளிகளுக்குப் பயிற்சி கொடுத்தது இந்திய அரசே. 1991க்குப் பிறகு கெடுபிடி இறுகியபோது, துப்பாக்கியைத் தொட்டே பார்க்காத அகதிகளும் கண்காணிப்புக்குள் வந்தார்கள். கையில் இருந்தது 1946 வெளிநாட்டினர் சட்டம், வெள்ளைக்காரன் விட்டுப்போனது.

மதுரை ஆனையூர் முகாமில் இருப்பவர்களுக்கு ரௌலட் பழைய பெயராக இருக்கலாம். அந்த அறிக்கையின் பார்வை அவர்களுக்குப் பழசில்லை.