சரிவரும் என்ற சொல்

"நல்லதையே நினை" என்ற வட அமெரிக்க உபதேசத்துக்கு உளவியலின் அத்தாட்சி வழங்கிய நூல், மார்ட்டின் செலிக்மன் 1990இல் எழுதிய 'லேர்ண்ட் ஒப்ரிமிசம்'. துன்பம் வரும்போது, இது தற்காலிகமானது, இந்த ஒரு விடயத்தோடு முடிவது, முழுக்க என் குற்றமல்ல என்று எண்ணுபவன் நம்பிக்கைவாதி. நிரந்தரமானது, எல்லாவற்றையும் பாதிப்பது, என்னால் வந்தது என்பவன் அவநம்பிக்கைவாதி. முன்னதைப் பழகினால் உடல்நலமும் வெற்றியும் கூடும் என்பது நூலின் வாதம். ஆயுள் காப்புறுதி முகவர்களின் விற்பனையை ஆசிரியர் சான்றாகக் காட்டுகிறார்.

காப்புறுதி முகவருக்கு ஒரு கதவு மூடினால் அடுத்த கதவு உண்டு. அகதிக்குப் பெரும்பாலும் ஒரு கதவுதான். 1983 யூலையைத் தற்காலிகம் என்று எண்ணுவதா ஆரோக்கியம்? 1986 ஓகஸ்ட்டில் நியூபவுண்ட்லாந்துக் கரையோரம் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை அந்த வினாக்கொத்தின் எந்தப் பெட்டிக்குள் அடைப்பது? பின்னால் விட்டு வந்தது சீராகாது என்ற தீர்மானமே அவர்களைக் கடலேற்றியது.

ஆசிரியரை நாம் முற்றாக நிராகரிக்கவில்லை. தோல்வியின் விலை பெரிதானால் நம்பிக்கைவாதம் தவறான உத்தி என்று அவரே எழுதுகிறார். இறக்கையில் உறைந்த பனியை அகற்றுவதா என முடிவெடுக்கும் விமானி அவரது உதாரணம். கடவுச்சீட்டையும் பத்திரங்களையும் ஒரே பையில் கட்டி வைத்திருக்கும் நமது பெற்றோரும் அந்த விமானியின் கட்சிதான். எட்வேர்ட் சாங் 1996இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வலுச் சேர்க்கிறது. ஆசிய அமெரிக்க மாணவரிடம் வெள்ளையரைவிட அவநம்பிக்கை கூடியிருந்தது, நம்பிக்கையோ குறைந்திருக்கவில்லை. அவர்களிடம் அவநம்பிக்கை பிரச்சினையைத் தீர்க்கும் முயற்சியோடு சேர்ந்தே நின்றது.

2020 வசந்தத்தில் கியூபெக்கின் யன்னல்களில் வானவில் படங்கள் தொங்கின: 'சா வா பியென் ஆலே', எல்லாம் சரிவரும். அப்போது நாம் வாழும் அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில்லின் முதியோர் இல்லங்களிலும் கொரோனா சாவுகள் நிகழ்ந்துகொண்டிருந்தன. மாகாணமெங்கும் அத்தகைய இல்லங்களில் உழைத்த அகதி விண்ணப்பதாரர் 'காவல் தேவதைகள்' எனப்பட்டனர். ஓகஸ்ட்டில் அறிவித்த நிரந்தர வதிவிடத் திட்டமோ நோயாளரை நேரடியாகப் பராமரித்தோருக்கு மட்டுமே திறந்தது. அதே கட்டடங்களில் சமைத்தவரும் கூட்டித் துடைத்தவரும் வெளியே நின்றனர். யாருக்குச் சரிவரும் என்பதை வானவில் சொல்லவில்லை.

நம்மவர் 'சரிவரும்' என்பது எதிர்வுகூறலல்ல, பொறுப்பேற்றல். சொன்னவர் சட்டத்தரணியிடம் மொழிபெயர்க்கக் கூட வருவார்; தன் சீட்டுக்காசை விட்டுக்கொடுப்பார். ஒருவரின் மனநலத்தைத் தனித்தனியே அளக்கும் வினாக்கொத்தில் இதற்கு இடமில்லை.

இதை வைத்து நமது பண்பாட்டுக்கு மாலை போடவும் நாம் தயாரில்லை. நமது மேடைகளில் நம்பிக்கை ஒரு கட்டளையாகவும் இருந்தது. வெற்றியைச் சந்தேகித்தவன் துரோகி ஆனான். 2009 மே வரை அந்தக் கட்டளையின் விலையைச் செலுத்தியவர்கள் மேடையில் பேசியவர்கள் அல்ல, வன்னியில் அகப்பட்ட சனங்கள். ஆகவே நம்பிக்கையூட்டும் எந்த நூலிடமும், எந்த மேடையிடமும் நாம் இரண்டு கேள்விகள் கேட்கவேண்டும்: சொல்பவர் சுமையில் பங்கு எடுக்கிறாரா? "சரிவராது" என்பவரைப் பேச விடுகிறாரா?