பெயர் மாறிய சேலை

சேலையை அது பிறந்த ஊரின் பெயரால் அழைப்பது நம் பழைய வழக்கு. காஞ்சிபுரம், ஆரணி, சின்னாளப்பட்டி, நெகமம் என்று சொல்லிக்கொண்டே போகலாம். அருப்புக்கோட்டைப் பருத்திச் சேலையும் அவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கதே. கடைக்காரர் ஊரைச் சொன்னால் போதும். நூலின் தன்மையும் கரையின் அமைப்பும் வாங்குகிறவர் மனத்தில் தாமே எழும். ஊர்ப்பெயர் ஒருவகையில் நெசவாளியின் கையொப்பமாகவும் இருந்தது.

இவ்வழக்கின் மேல் வேறொரு வழக்கு வந்து படிந்தது. 1985-இல் வெளியான ‘பூவே பூச்சூடவா’ படத்தின் வாயிலாகத் தமிழுக்கு அறிமுகமான நதியாவின் பெயரைச் சேலைக்கும் வளையலுக்கும் கம்மலுக்கும் சூட்டி விற்றனர். 1994-இல் ஓர் இந்திப் படத்தில் மாதுரி தீட்சித் உடுத்திய ஊதாச் சேலைக்கு வடநாட்டுக் கடைகளெங்கும் படிகள் தோன்றின. 2005-இல் ‘சந்திரமுகி’ சேலை வந்தது. நடிகரிடத்து நம் மக்கள் கொள்ளும் பற்றை அருப்புக்கோட்டைக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. 1977-இல் எம்.ஜி.ஆர். சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பெற்று முதலமைச்சரானது இத்தொகுதியிலிருந்துதான்.

இன்று அப்பெயர்கள் கைப்பேசி வழியே வருகின்றன. 2015-இல் பெங்களூரில் தொடங்கப்பெற்ற மீஷோ நிறுவனம், இல்லத்தரசியர் வாட்ஸ்அப் குழுக்களில் படங்களைப் பகிர்ந்து, விலையில் தம் இலாபத்தைச் சேர்த்து மறுவிற்பனை செய்வதையே தொடக்கத்தில் தன் அடிப்படையாகக் கொண்டது. அதனைச் சாராத சிறு குழுக்களும் இன்று எண்ணிறந்தன. திருச்சுழிப் பக்கத்துச் சிற்றூர்களிலும் இத்தகைய குழுவொன்றில் சேராத கைப்பேசி அரிதாகி வருகிறது.

அக்குழுக்களில் வரும் வாசகத்தை ஓர் இலக்கியப் பனுவலைப் படிப்பதுபோல் ஊன்றிப் படித்தல் தகும். நடிகை உடுத்திய அதே சேலை என்று அது தொடங்கும். பிறகு ‘ஸாஃப்ட் சில்க்’ என்றொரு சொல், வண்ணங்களின் எண்ணிக்கை, விலை, ‘இருப்புக் குறைவு, விரைந்து பதிவு செய்க’ என்னும் அவசரம். நெய்த ஊர் இல்லை, நெய்தவர் இல்லை, பட்டா பாலியெஸ்டரா என்பதற்கும் பெரும்பாலும் விடையில்லை. ‘ஸாஃப்ட் சில்க்’ என்பது மென்மையைச் சொல்லி இழையை மறைக்கும் சொல். உடுத்துகிறவளின் பெயர் முன்னே வந்ததும், உண்டாக்கியவனைப் பற்றிய வினாவே எழாமற் போகிறது. நம் மறுப்பு இவ்விடத்தில்தான். நடிகையைப் போல் உடுத்த விரும்பும் பெண்ணின் ஆசையில் குறை காண நமக்கு உரிமையில்லை. சேலையைப் பற்றி எழுதும் ஆடவர் பலர் அவ்வாசையை எள்ளியே தம் கட்டுரையை நிரப்பிவிடுகின்றனர்.

கைத்தறியின் காலக்கணக்கு வேறு. நூலுக்குச் சாயமேற்றி, பாவு ஓட்டி, பசையிட்டுத் தெருவில் பாவாற்றி, பழைய பாவின் இழைகளோடு புதியனவற்றை ஒவ்வொன்றாகப் பிணைத்த பின்னரே நாடா ஓடத் தொடங்கும். ஒரு பாவில் பல சேலைகள் அடங்கும். உடலின் நிறமும் கரையின் நிறமும் பாவிலேயே முடிவாகிவிடும். ஊடையை மாற்றி முந்தானையில் சிறிது விளையாடலாம், அவ்வளவே. வெள்ளியன்று வெளியான படத்தின் நிறத்தை அடுத்த வெள்ளிக்குள் கேட்டால் நெசவாளி என் செய்வார்? சூரத்தின் அச்சு ஆலைகளுக்கு அது இயலும். வெள்ளைத் துணி அங்கே ஆயத்தமாயிருக்கும். மேலே உருவத்தை அச்சிட்டால் போதும். நெசவாளி முன்கூட்டி ஊகித்து ஒரு நிறத்தில் பாவு போட்டு, அந்நிறத்தின் மோகம் தணிந்துவிட்டால், தறியிலுள்ள பாவு முழுதும் அவர் தலையில் விழும்.

நதியா பெயர் பரவிய அதே 1985-இல் நாடாளுமன்றம் சில துணி வகைகளைக் கைத்தறிக்கென ஒதுக்கிச் சட்டமியற்றியது. உச்ச நீதிமன்றமும் 1993-இல் அதனை ஏற்றது. அச்சட்டம் துணியின் வகையைக் காக்க முனைந்தது. துணியின் பெயரைக் காக்கும் வழி அதில் இல்லை.

விற்கும் பெண்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இது வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் காட்டு வேலையும் இல்லை. வீட்டிலிருந்தே ஒரு சேலைக்குச் சிறு தொகை கிடைப்பது அவர்கட்குப் பெரிது. முன்னாளில் மிதிவண்டியில் மூட்டையோடு வந்த தவணைக்காரர் துணியைத் தொட்டுப் பார்க்கக் கொடுத்தார், கடனும் கொடுத்தார். வட்டியை விலைக்குள்ளேயே மறைத்தும் வைத்தார். இக்குழுக்களில் பெரும்பாலும் பணம் முதலில், சேலை பின்னால். சாயம் போனால் பழியேற்பது அடுத்த தெருவில் குடியிருக்கும் அப்பெண்ணே. அனுப்பிய வணிகனின் முகத்தை யாரும் அறியார். தான் விற்பது இன்னதென்று அறிந்துகொள்ளுதல் ஆகவே அவளுக்கும் காப்பு.

2006-இல் நடுவணரசு கைத்தறி முத்திரையைக் கொண்டுவந்தது. நெய்த சேலை என்று சொல்லி அனுப்புகிற வணிகரிடம் அம்முத்திரையின் படத்தையும் கேட்டுப் பெறலாம். படத்தின் கீழே நடிகையின் பெயர் இருந்துவிட்டுப் போகட்டும். அதனருகே ஊர் எது, இழை எது, கைத்தறியா விசைத்தறியா என்று ஒரு வரி சேர்த்தெழுதுமாறு இப்பெண்களை வேண்டுகிறோம். வணிகரிடமிருந்து விடை வராவிட்டால், வரவில்லை என்பதையே அவ்வரியில் எழுதிவிடலாம்.