சின்னமனூர்ச் செப்பேட்டில் பேசுவது யார்?

முல்லைப் பெரியாற்றங்கரைச் சின்னமனூரின் வரலாற்றை எழுதப் புகுவோர், அங்குக் கிடைத்த பாண்டியர் செப்பேடுகளையே முதற்கண் நாடுவர். 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சார்ந்த பெரிய செப்பேடு வடமொழிப் பகுதியைக் கிரந்தத்திலும், தமிழ்ப் பகுதியை வட்டெழுத்திலும் தருகிறது. மதுரையிற் சங்கம் நிறுவியதையும், மகாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதையும் அது போர் வெற்றிகளோடு ஒருங்கே எண்ணுகிறது. மொழிபெயர்ப்பை வாகையாகக் கருதிய அரசவையை நாமும் மெச்சுகிறோம்.

ஆயினும் பேசுவது அரசவையே. அதன் புகழுரையை ஊரின் வரலாறாகவே கொள்ளும் வழக்கம் நமக்கு உடன்பாடன்று. ஆகாபின் முத்திரையிட்ட நிருபங்களைக் குறித்த இராஜாக்களின் ஆசிரியன், நாபோத்தின் மறுமொழியையும் எழுதிவைத்தான். செப்பேட்டில் அத்தகைய மறுமொழிக்கு இடமில்லை. இதே பள்ளத்தாக்கின் பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க மத்திய அமைச்சரவை 2015 சனவரியில் ஒப்புதல் அளித்தது. அவ்வொப்புதலை மட்டும் படிப்பவர், அங்கு எழுந்த எதிர்ப்பை அறியார்.

எனினும் பாண்டியர் ஆவணங்கள் முற்றும் ஊமையல்ல. வேள்விக்குடிச் செப்பேடு மீயாட்சி, காராண்மை என, மேலுரிமையையும் உழவுரிமையையும் வெவ்வேறாகப் பெயரிட்டே தானத்தில் அடக்குகிறது. தானத்துக்கு முன்பு அக்காராண்மை யாருடையது என்பதிலிருந்து சின்னமனூர் ஏடுகளையும் வாசிக்கத் தொடங்கலாம்.