பாறையிலிருந்து பதிவேட்டுக்கு

மதுரை வட்டாரத்தின் பழமையை எழுத்தில் திரட்டும் வேலை நெடுங்காலம் அதிகாரிகள், அறிஞர்கள் கையிலேயே இருந்தது. ஜே. எச். நெல்சன் 1868இல் எழுதிய மதுரை நாட்டுக் கையேடு ஆங்கிலேய நிர்வாகத்துக்காக எழுந்தது. மாங்குளம் மலையின் தமிழி எழுத்துகளை ராபர்ட் சீவெல் 1882இல் கண்டார். அவற்றின் பொருள் துலங்க கே. வி. சுப்பிரமணிய ஐயரும், பின்னர் ஐராவதம் மகாதேவனும் வரவேண்டியிருந்தது. அக்கல்வெட்டில் வரும் வெள்ளறை வணிகர் குழுவின் ஊரை இன்றைய வெள்ளரிப்பட்டியோடு ஆய்வாளர்கள் இணைக்கிறார்கள். மேலூர்ச் சாலையில் தினமும் பேருந்தில் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

ஊர்க்காரர்களே வரலாற்றைத் தேடி இறங்கியது பிற்பாடுதான். 1970களில் கீழடிப் பள்ளி ஆசிரியர் ஒருவர், தோண்டும்போது கிடைத்த பழம்பொருள்களைச் சேர்த்துவைத்துத் தொல்லியல் துறைக்குச் சொல்லியனுப்பினார். அங்கே முறையான அகழாய்வு தொடங்கியது 2015இல்.

இந்தத் தேடலை ஒரு மக்கள் பழக்கமாக்கியது பசுமை நடை. யானைமலையைக் காக்க 2010இல் எழுந்த குரலிலிருந்து எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் முன்னெடுத்த நடை அது. விடியற்காலையில் கீழக்குயில்குடி அய்யனார் கோயில் குளத்தருகே கூடி, சமணர் மலையேறி, பேச்சிப்பள்ளத்துப் புடைப்புச் சிற்பங்களின் முன் உட்காருவார்கள். சொ. சாந்தலிங்கம் போன்ற ஓய்வுபெற்ற தொல்லியலாளர்கள் சிற்பத்துக்குக் கீழே உள்ள வட்டெழுத்தைச் சுட்டி, குரண்டிச் சமணப் பள்ளியின் துறவிகளைப் பற்றிச் சொல்வார்கள். கல்வெட்டைப் படியெடுக்கும்போது பாறையைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, பிரஷால் அடித்து எழுத்தின் பள்ளத்துக்குள் தாளை இறக்கி, மேலே மை ஒற்றினால் கறுப்புப் பரப்பில் எழுத்து வெள்ளையாக எழுந்து நிற்கும். அப்படிப் படியெடுத்தவர் வாயால், அதே பாறையின் முன் நின்று கேட்பது புத்தகத்தில் கிடைக்காத கல்வி. வெ. வேதாச்சலத்தின் ‘எண்பெருங்குன்றம்’ போன்ற நூல்கள் நிபுணர் வட்டத்தைத் தாண்டி வாசிக்கப்பட்டதில் இந்த நடைகளுக்குப் பங்குண்டு என்பது என் எண்ணம்.

அரிட்டாபட்டியில் இதன் பலன் கண்ணெதிரே தெரிந்தது. தமிழிக் கல்வெட்டு, பாண்டியர் குடைவரை, சுனைகள், கண்மாய்கள் என்று அங்குள்ளவற்றை ஊராரும் ஆர்வலர்களும் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தார்கள். 2022 நவம்பரில் அது தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமானது. 2024இல் டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தபோது கிராமசபைகள் தீர்மானம் போட்டன. விவசாயிகள் மதுரைக்கு நடந்தே வந்தார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. ஒன்றிய அரசின் முன் வைக்க ஊரின் வரலாறு அவர்கள் கையில் தயாராக இருந்தது.

ஆனாலும் ஒரு குறை உண்டு. இந்த உழைப்பெல்லாம் பாறையிலேயே நின்றுவிடுகிறது. ஈராயிரம் ஆண்டுப் பழமைக்குக் கூடும் கூட்டம், இருநூறு ஆண்டுப் பழமைக்குக் கூடுவதில்லை. அண்மைப் பழமையையும் திரட்டலாம் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு முன்மாதிரி உண்டு: அங்கே 1899இல் தொடங்கிய விக்டோரியா மாவட்ட வரலாற்று வரிசை, ஒவ்வொரு பங்காக, அதாவது ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்ப்பகுதியாக, எடுத்து எழுதப்பட்டு இன்னும் முடியவில்லை. அதில் உள்ளூர்த் தன்னார்வலர்களின் கைகளும் உண்டு. இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நொபிலி 1606இல் வந்துசேர்ந்த மதுரையில், கத்தோலிக்கப் பங்குகளின் வரலாறு பெரும்பாலும் விழா மலர்களில்தான் கிடக்கிறது. பங்குத்தந்தையர் பட்டியல், கோபுரம் கட்டிய ஆண்டு, நன்கொடையாளர் படம், அவ்வளவே. அந்தக் கோபுரத்துக்குக் கல் சுமந்தவர்களின் பெயர் அதில் இராது.

அவர்கள் பெயர் ஞானஸ்நானப் பதிவேட்டில் இருக்கக்கூடும். குழந்தையின் பெயர், பெற்றோர், ஞானப்பெற்றோர், தேதி என்று ஒவ்வொரு வரியும் ஒரு குடும்பம். அடக்கப் பதிவேட்டை 1876-78 தாது வருஷப் பஞ்சத்தோடு வைத்துப் பார்த்தால், பஞ்சம் எந்தத் தெருவில் எத்தனை பேரைக் கொண்டுபோனது என்று ஊர் அளவில் தெரியவரும். கொடைக்கானல் செண்பகனூரில் இயேசு சபையார் மதுரை மறைப்பணி ஆவணங்களைப் பேணிவந்திருக்கிறார்கள். ஆனால் ஊர்க்கோயில் அலமாரியில் இருப்பதைப் பார்க்க ஊரில்தான் ஆள் வேண்டும். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பழைய கையெழுத்து படிக்கத் தெரிந்த உபதேசியார், கைப்பேசியில் படமெடுக்கும் கல்லூரிப் பிள்ளைகள் இருவர் இருந்தால் வேலையைத் தொடங்கலாம். பங்குத்தந்தையிடம் அனுமதி கேட்டு, மழைக்காலம் வருமுன் முதலில் எடுக்க வேண்டியது கரையான் தொட்ட ஏடுகளை.