வட்டு அடங்கும் பை

ஐஸ் ஹாக்கி கோல்கீப்பரின் உடம்பெல்லாம் கவசம். காலில் பருத்த பேடுகள், மட்டை பிடித்த கையில் தட்டையான தடுப்பு. இவை வட்டைத் தட்டிவிடும். தட்டிவிட்டது திரும்பவும் எதிரணி மட்டைக்கே போய்ச் சேரலாம். மறுகையில் மாட்டியிருக்கும் கையுறை மட்டும்தான் வட்டை வாங்கி வைத்துக்கொள்ளும். அப்படியே பிடித்து நின்றால் நடுவர் விசில் ஊத, ஆட்டமே நின்றுவிடும். இதனால்தான் மற்றத் தடுப்புகளைவிட இது எனக்கு ஒரு படி மேல்.

அதன் உயிர் பையில் இருக்கிறது. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே நாடாவால் பின்னிய ஆழமான வலை அது. வட்டோ கெட்டி ரப்பர். 170 கிராம் வரை எடை. துள்ளாமலிருக்க, ஆட்டத்துக்கு முன்பே உறையவைத்துவிடுவார்கள். மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் பறந்து வரும் அது உள்ளங்கையில் பட்டால் பட்டென்று அறையும். உறையைத் தாண்டிக் கை எரியும். பையில் விழுந்தால் வலை சற்றே பின்வாங்கி வேகத்தை வாங்கிக்கொள்ளும். சத்தமும் தணிந்துதான் கேட்கும். புதுக் கையுறை லேசில் மடங்காது. உள்ளே பந்தை வைத்து இறுக்கிக் கட்டிப்போட்டுப் பழக்குவார்கள்.

இந்த வடிவம் பேஸ்பாலிலிருந்து வந்தது. 1940-களில் சிகாகோ கோல்கீப்பர் எமில் பிரான்சிஸ், பேஸ்பால் கையுறையில் மணிக்கட்டுக் காப்பு ஒன்றைத் தைத்து மாட்டிக்கொண்டு களமிறங்கினார். டெட்ராய்ட் பொது மேலாளர் ஜாக் ஆடம்ஸ் ஆட்சேபித்தார். தேசிய ஹாக்கி லீக்கின் (என்.எச்.எல்.) தலைவர் கிளாரன்ஸ் கேம்ப்பெல் அனுமதித்துவிட்டார். நல்ல தீர்ப்பு! இன்று என்.எச்.எல். விதிப்படி கையுறையின் சுற்றளவு 45 அங்குலத்தைத் தாண்டக் கூடாது.

பிடிப்பதோடு வேலை முடிவதில்லை, பிடித்தது உள்ளே தங்கவும் வேண்டும். 2002 என்.எச்.எல். அரையிறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் கொலராடோவின் பேட்ரிக் ராய், டெட்ராய்ட்டின் ஸ்டீவ் ஐசர்மன் அடித்ததைத் தடுத்துவிட்டுச் சுதந்திர தேவி சிலைபோலக் கையை உயர்த்திக் காட்டினார். வட்டு அதற்குள் நழுவிக் கீழே கிடந்தது. ஐசர்மனின் அணித்தோழர் பிரெண்டன் ஷானஹன் அதைக் கோலுக்குள் தள்ளிவிட்டார். டெட்ராய்ட் அன்று 2–0 என்று வென்றது.

நான் மெச்சுவது எட்மன்டன் ஆய்லர்ஸின் கிராண்ட் ஃபியூரை. பெரும்பாலோர் இடக்கையில் பிடிப்பார்கள். இவர் கையுறை மாட்டியது வலக்கையில். 1980-களில் அந்த அணி மொத்தமும் தாக்குதலுக்கு ஓடிவிடும். பின்னால் தனியாக நிற்பவர் ஃபியூர்தான். தனித்து வரும் எதிராளி பழக்கதோஷத்தில் கையுறை இல்லாத பக்கம் என்று நம்பி அடிப்பான்; வலக்கை அங்கே தயாராக இருக்கும்.