'சத்தியாக்கிரகம்' இசைநாடக அரங்கில் பெயருடையாரும் பெயரிலாரும்

இளங்கோவடிகள் அரங்கேற்று காதையில் மாதவியின் ஆடலை எடுத்த எடுப்பிலேயே காட்டினாரல்லர். ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் என்னும் அறுவர்தம் அமைதியை முறையே விரித்து, அரங்கின் அளவும் விளக்கின் நிலையும் எழினியின் வகையும் கூறிய பின்னரே ஆடுமகளை அரங்கில் ஏற்றினார். கூத்து என்பது ஒருவர் ஆக்கமன்று, பலர் கூடிச் செய்யும் தொழில் என்னும் உண்மை அதனால் பெறப்படும். மேலைநாட்டார் 'ஆப்பெரா' என வழங்கும் இசைநாடகத்தை ஆராயப் புகுவார்க்கும் இம்முறையே ஏற்புடைத்து. இசையமைத்தவர் பெயர் ஒன்றையே சொல்லி, மேடை அமைத்தாரையும் ஆடை வகுத்தாரையும் கூட்டமாய் நின்று பாடினாரையும் விட்டுவிடுதல், மாதவியை மட்டும் கூறி அறுவரையும் மறத்தலோடு ஒக்கும்.

இக்கட்டுரைக்கு நாம் எடுத்துக்கொண்டது பிலிப் கிளாஸ் என்னும் அமெரிக்க இசையாசிரியர் இயற்றிய 'சத்தியாக்கிரகம்' ஆகும். ராட்டர்டாம் நகரத்தின் வேண்டுகோளின்படி இயற்றப்பெற்ற இந்நாடகம் 5-9-1980 அன்று அந்நகரிலேயே அரங்கேறியது. டேவிட் பவுன்ட்னி இயக்க, ராபர்ட் இஸ்ரேல் மேடை அமைக்க, டக்ளஸ் பெரி என்பார் காந்தியடிகளாகப் பாடினார். 1981இல் ஸ்டட்கார்ட்டில் ஆக்கிம் ஃப்ரையர் வேறொரு முறையில் அமைத்தார். ஆயினும் நம் ஆராய்ச்சிக்குரியது இவை இரண்டும் அல்ல. இலண்டன் ஆங்கிலத் தேசிய இசைநாடகக் கழகமும் நியூயார்க்கு மெட்ரோபாலிட்டன் இசைநாடகக் கழகமும் கூடி, 'இம்ப்ராபபிள்' என்னும் நாடகக் குழுவினரைக் கொண்டு 2007இல் இலண்டனிலும் 2008இல் நியூயார்க்கிலும் மேடையேற்றிய அமைப்பே ஈண்டுப் பொருளாவது. 2011 நவம்பரில் நியூயார்க்கில் மீண்டும் நிகழ்ந்தபோது அது பல நாட்டுத் திரையரங்குகளிலும் நேரே காட்டப்பெற்றது. நாம் அடிப்படையாகக் கொள்வதும் அந்நிகழ்ச்சியே.

முதற்கண் பனுவலின் இயல்பை அறிதல் வேண்டும். காந்தியடிகள் 1893 முதல் 1914 வரை தென்னாப்பிரிக்காவில் ஆற்றிய பணியே கதைப்பொருள். ஆனால் பாத்திரங்கள் பாடுவன அக்கதைக்குரிய உரையாடல்கள் அல்ல. கான்ஸ்டன்ஸ் டிஜாங் என்பவர் பகவத் கீதையிலிருந்து சுலோகங்களைத் தெரிந்தெடுத்துக் காட்சிதோறும் பொருத்தினார்; அவை வடமொழியிலேயே பாடப்படுகின்றன. எனவே மேடையில் நிகழும் செயல் ஒன்று, வாயில் எழும் சொல் மற்றொன்று. ஏனைய இசைநாடகங்களில் பாட்டின் பொருளை உடனுக்குடன் மொழிபெயர்த்துக் காட்டும் வழக்கம் உண்டு. ஈண்டு அதுவும் நீக்கப்பட்டது. ஒரு சில தொடர்கள் மட்டும் ஆங்கிலத்தில் மேடைச் சுவரிலும் தாள்களிலும் ஒளியெழுத்தாய்த் தோன்றி மறையும். பாடுவோரிற் பலர் தாம் பாடும் மொழியை ஒலிவடிவாகவே கற்றுப் பாடினர் என்பதும், கேட்போரிற் பெரும்பாலோர் அதனை அறியார் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கன.

சொல் பொருளைச் சுமவாவிடத்து அச்சுமை யார் தோளில் ஏறும்? நடிப்போர் உடலிலும் மேடையின் பொருள்களிலும் என்க. இதனை இயக்குநர் ஃபீலிம் மெக்டர்மாட்டும் அவர்தம் துணை இயக்குநரும் மேடை வகுத்தவருமான ஜூலியன் கிரௌச்சும் நன்குணர்ந்தனர். இவ்விருவரும் இசைநாடக மரபில் வளர்ந்தவர் அல்லர். பாவைக்கூத்தும் கைவினையும் கலந்த எளிய நாடகங்களில் பழகியவர். அப்பழக்கமே ஈண்டுப் பயன்பட்டது. அரங்கின் பின்புறம் வளைந்த நெளிதகரச் சுவர் ஒன்றே. குடியேற்ற நாடுகளின் கூரையும் வேலியும் அத்தகரமன்றோ? செய்தித்தாளும் கூடையும் ஒட்டுநாடாவும் ஏனைக் கருவிகள். குருச்சேத்திரக் காட்சியில் பேருருவப் போர்வீரர் இத்தகைய எளிய பொருள்களினின்றே எழுந்து பொருகின்றனர். 'இந்தியன் ஒப்பீனியன்' காட்சியில் செய்தித்தாள் நீள்தாளாய் மேடையின் ஒரு புறமிருந்து மறுபுறம் ஓடுகின்றது. டர்பன் நகரத் தெருவில் காந்தியடிகளைத் தாக்க வரும் வெள்ளையர் காகிதக்கூழால் ஆகிய பெரும்பாவைகளாய் அவர் தலைக்குமேல் ஆடுகின்றனர். அவர்களிடையே திருமதி அலெக்சாந்தர் தம் குடையை விரித்து நுழையுங்கால், அக்குடையின் சிறுமையே வீரமாகின்றது. பனுவல் இந்நிகழ்ச்சிக்கு 1896 என ஆண்டு குறிப்பினும், தாக்குதல் நிகழ்ந்தது 1897 சனவரியில் ஆகும். பால் கான்ஸ்டபிள் அம்மையாரின் ஒளியமைப்பு தகரத்தைச் சில வேளை விடியல் வானாகவும் சில வேளை சிறைச் சுவராகவும் ஆக்கியது. கெவின் பொல்லார்டு வகுத்த ஆடைகள் பற்றி மிகுத்துச் சொல்ல இடமில்லை. காலத்துக்கு ஏற்றன, கண்ணை உறுத்தாதன.

காந்தியடிகளாகப் பாடிய ரிச்சர்டு கிராஃப்ட் மோட்சார்ட்டு, ஹாண்டல் ஆகியோர் இசையில் தேர்ந்த 'டெனர்' குரலினர். இலண்டனில் அப்பாத்திரம் ஏற்றவர் ஆலன் ஓக். வாக்னர் நாடகத் தலைவர்க்குரிய முழக்கம் கிராஃப்டின் குரலில் இல்லை. இருந்திருப்பின் இந்நாடகம் கெட்டிருக்கும். பித்தளைக் கருவியும் தாளக் கருவியும் அறவே நீக்கி, நரம்புக் கருவியும் துளைக்கருவியும் மின்விசை ஆர்கனும் மட்டுமே கொண்டு இயற்றிய இசைக்கு மெல்லிய குரலே தக்கது. முதற்காட்சியில் அவர் தனித்துத் தொடங்க, அருச்சுனனும் பின்னர்க் கண்ணனும் வந்து சேர, ஒரு குரல் இரண்டாகி மூன்றாகும் இடம் மிக நேர்த்தியானது. ஷ்லெசின் அம்மையாராகிய ரேச்சல் டர்கினின் உயர்குரலும், கஸ்தூரிபாயாகிய மரியா ஸிஃப்சாக்கின் அடங்கிய குரலும், பார்சி ருஸ்தம்ஜியாகிய ஆல்பிரடு வாக்கரின் ஆழ்ந்த குரலும் ஒன்றையொன்று மேவாமல் நின்றன. ஒரே தொடர் பல்கால் மீண்டு வரும் இவ்விசையில் எண் தவறின் அனைத்தும் சரியும். அதனைப் பிறழாமல் நடத்திய தாந்தே அன்சொலினி தண்ணுமையோன் கடமையையும் சேர்த்துச் செய்தார் எனலாம்.

இவர்களினும் மிக்க பாராட்டுக்குரியவர் வேறு உளர். டொனால்டு பலம்போ பயிற்றிய பாடற்குழுவினரும், பாவை இயக்கியும் கோல்மேல் நடந்தும் கயிற்றில் தொங்கியும் நாடாவை நெய்தும் உழைத்த திறனர் குழுவினருமே அவர். பாடற்குழுவே இந்நாடகத்தில் மக்கள். 11-9-1906இல் ஜோகானஸ்பர்க்கு நகரில் கறுப்புச் சட்டத்துக்கு அடங்கோம் என மக்கள் உறுதி பூண்டதும் ஒரு நாடகக் கொட்டகையிலே ஆகும். அக்கொட்டகை உறுதியைப் பிறிதொரு கொட்டகையில் மீட்டும் காட்டுகின்றோம் என்னும் உணர்வு, அக்குழுவினர் ஒருங்கு நின்ற நிலையில் விளங்கிற்று. 1908இல் பதிவுச் சீட்டுகளை எரித்த நிகழ்ச்சியை ஒவ்வொருவராய் வந்து தம் சீட்டை இடுவதாகக் காட்டியபோது, கூட்டம் தனி மனிதரால் ஆயது என்பது புலனாயிற்று. இறுதிப் பகுதியில் திறனர் ஒட்டுநாடாவை மேடையின் குறுக்கே மீண்டும் மீண்டும் இழுத்துக் கட்டி ஒளிபுகும் வலையொன்றை நெய்தனர். ஒரு மெல்லிழையை எவரும் அறுக்கலாம். பலவாகிப் பிணைந்தவழி அறுத்தல் அரிது. இப்பொருளை உரைக்க எச்சுலோகமும் வேண்டியதில்லை.

இவ்வாறு பெயரிலார்க்கு மேடை தந்த இவ்வமைப்பினிடத்தே நமக்கு ஒரு குறையும் தோன்றுகின்றது. அக்குறையின் வேர் அரங்கத்தாரிடம் அன்று, பனுவலிடம் உளது.

மூன்றாம் பகுதியின் பொருள் 1913ஆம் ஆண்டு நியூகாசில் நடைப்பயணம். அப்பயணம் எவ்வாறு எழுந்தது? டிரான்ஸ்வாலிலிருந்து பெண்டிர் பதினொருவர் உரிமைச் சீட்டின்றி எல்லை கடந்து நியூகாசில் சென்று, நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடம் பேசி அவர்களை வேலைநிறுத்தம் செய்வித்தனர். அவர்தம் பெயர்களைக் காந்தியடிகளே தம் தென்னாப்பிரிக்க சத்தியாக்கிரக வரலாற்றில் வரிசையாய்ப் பொறித்துள்ளார். பெரும்பாலோர் தமிழ்ப் பெண்டிர். அறுவர் கைக்குழந்தை உடையோர். மூன்று திங்கள் சிறையும் பெற்றனர். அப்போராட்டத்தில் சிறைபுக்கு நோயுற்று மீண்ட தில்லையாடி வள்ளியம்மை 22-2-1914இல் தம் பதினாறாம் வயதில் உயிர்நீத்த செய்தி நாடறிந்தது. அடிகள் தரும் கணக்கின்படி எல்லை கடந்து நடந்தோர் ஆடவர் 2,037, மகளிர் 127, மக்கள் 57 ஆவர்.

இத்துணைப் பேர்க்கும் பனுவல் தந்தது ஒரே ஒரு பெயர்: 'திருமதி நாயுடு'. அப்பெயரையும் ஆராயின் ஐயமே எஞ்சும். அடிகள் தரும் வரிசையில் தம்பி நாயுடுவின் மனைவியார், பி. கே. நாயுடுவின் மனைவியார், பெருமாள் நாயுடுவின் மனைவியார் என மூவர் அப்பெயர்க்கு உரியர். பனுவல் குறித்தது மூவருள் யாரை? நிகழ்ச்சி நிரலைப் படிக்கும் அயல்நாட்டார் கவியரசி சரோஜினியாரென மயங்கவும் கூடும். ஷ்லெசின், கல்லன்பாக்கு, அலெக்சாந்தர் என்போர்க்கு வரலாற்றில் ஒருவரையே சுட்டும் பெயர்கள் வாய்த்திருக்க, தமிழ் மகளிர்க்கு மட்டும் பொதுப்பெயர் வாய்த்தது. ஜோகானஸ்பர்க்குத் தமிழர் சங்கத்தின் தலைவராய் விளங்கி, நியூகாசில் வேலைநிறுத்தத்திலும் முன்னின்ற தம்பி நாயுடு பாத்திரமாகவே இல்லை.

இந்நாடகம் வரலாறன்று, வழிபாடு போல்வது. ஆதலின் பெயர்க் கணக்குப் பார்த்தல் பொருந்தாது என்பார் உளர். அது கொள்ளத்தக்கதன்று. காட்சிதோறும் இடமும் ஆண்டும் குறித்து வைத்த பனுவல் தன்னை வரலாற்றுக்குக் கடன்பட்டதாக ஆக்கிக்கொண்டது. கடன்பட்டார் ஒரு பங்கை மட்டும் திருப்புதல் முறையன்று.

மொழி பற்றியும் இதுவே நம் கருத்து. வடமொழிச் சுலோகம் காந்தியடிகள் வாயில் எழுதல் இயல்பே. பல் துலக்கும் வேளையில் எதிர்ச்சுவரில் சுலோகங்களை ஒட்டி வைத்து அவர் கீதையில் பதின்மூன்று இயல்கள் வரை நெட்டுருச் செய்ததைத் தம் வரலாற்றிலேயே கூறுகின்றார். அவர் உள்ளத்தின் ஓட்டத்தை அம்மொழி காட்டும். ஆனால் 1910இல் கல்லன்பாக்கு அளித்த நிலத்தில் எழுந்த தால்சுதாய்ப் பண்ணையில் ஒலித்த மொழிகளுள் தமிழும் ஒன்று. ஆங்கிருந்த சிறார்க்குக் கப்பலிலும் சிறையிலும் தாம் கற்ற சிறிது தமிழை அடிகளே கற்பித்தார். போப்பையர் எழுதிய தமிழ்க் கைந்நூலுக்கு அப்பால் தாம் சென்றதில்லை என அவர் நாணாது உரைத்தார். 1903இல் அவர்தம் இதழ் தொடங்கியபோது தமிழ்ப் பகுதியும் அதில் இருந்தது. தலைவன் தொண்டர்தம் மொழியைக் கற்க முயன்ற அவ்விடத்தே, இந்நாடகம் தொண்டர் அனைவரையும் தலைவன் நெஞ்சிற்குரிய மொழியைப் பாடச் செய்துவிட்டது. பண்ணைக் காட்சியில் ஒரே ஓர் அடியேனும் தமிழொலி கேட்டிருப்பின் இசையின் ஒருமை கெட்டிருக்கும் என நாம் நம்பவில்லை.

அரங்கத்தார் இக்குறையை ஒருவாறு உணர்ந்தே செயற்பட்டனர் போலும். சொல் மறைத்தவர்களை அவர்கள் உடலால் மேடைக்குக் கொணர்ந்தனர். சுரங்கத் தொழிலாளரும் அவர்தம் பெண்டிரும் பாடற்குழுவில் நடந்தனர், அமர்ந்தனர், சிறைப்பட்டனர். எனினும் உடலாற் காட்டலாவது தொகுதியையே. தனிப்பெயரைக் காட்ட உடலால் இயலாது. செய்தித்தாளையே தலையாய கருவியாகக் கொண்ட அரங்கு அது. சுவரில் ஒளியெழுத்தை ஓடவிடும் வல்லமையும் அவர்க்கு இருந்தது. அப்பதினொருவர் பெயர்களையும் அத்தாளின்மேல் ஒருமுறை ஓடவிட்டிருக்கலாம்.

முடிவுக் காட்சியில், உயர்ந்ததொரு மேடைமேல் மார்ட்டின் லூதர் கிங் முதுகு காட்டி நின்று, நாம் கேளாத சொற்பொழிவை ஆற்றுகின்றார். கீழே காந்தியடிகள் தனித்து நின்று ஓர் ஏறுநிரலை முப்பது முறை பாடுகின்றார். அந்நிரல் நம்மவர் தோடி என்பதன் ஏழு சுரங்களே. இசைத்தமிழ் ஆராய்ந்தார் பலர் அதனை விளரிப்பாலை எனக் கொள்வர். அசைவின்றி நேர்நேரே ஏறுதலின் நம் செவிக்கு அது தோடியாகத் தோன்றாது. கிராஃப்ட் முப்பது முறையும் ஒரே அளவில் பாடினாரல்லர். ஒவ்வொரு முறையும் உச்சியைத் தொட்டு விடும்போது குரலைச் சிறிதே தளர்த்தினார். அத்தளர்ச்சியில் வெற்றிக் களிப்பு இல்லை. உடன் நடந்தோர் அனைவரும் சிறைப்பட்ட பின் ஒருவன் அவர்களை எண்ணி நிற்பது போன்றே இருந்தது.