கரையோர மஞ்சள்: ஆவாரை

நிலாவெளி, குச்சவெளி போன்ற கரையோர மணற்பாங்கான நிலங்களில் மழையின்றி மற்றப் பசுமை வாடும் மாதங்களிலும் பொன்மஞ்சளாகப் பூக்கும் ஆவாரை, அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த, ஆளுயரத்தை ஒட்டி வளரும் புதர்ச்செடியாகும். இதன் இலைக்காம்பின் அடியில், பிற செடிகள் பலவற்றில் சிறு செதில் போலிருந்து விரைவில் உதிரும் இலையடிச்செதில், காதுமடல் வடிவில் அகன்று நிலைத்திருப்பதே இதனை இனங்காண எளிய அடையாளம். பத்து மகரந்தத் தாள்களுள் மேலுள்ள மூன்று மலடானவை. ஏனையவற்றின் நுனித்துளை வழியே மகரந்தத்தை உதிர்க்க, வண்டுத்தேனீக்கள் பூவைப் பற்றி அதிர்ந்து இரைகின்றன.

தோலைக் கெடாது பதனிடும் துவர்ப்புப் பொருளான தனின் இதன் பட்டையில் மிகுதி. உலர்ந்த பூவைக் கொதிநீரிலிட்டு அருந்தும் வழக்கம் தமிழரிடமும் சிங்களவரிடமும் உண்டு. சிங்களவர் இதனை ரணவரா என்பர். அப்பானம் நீரிழிவைத் தணிக்கும் என்று போற்றப்படினும் அதனை மருந்துக்கு மாற்றாகக் கொள்வது தவறு.

விதையுறை கடினமானதாகையால் மணலோடு தேய்த்து, ஓரிரவு ஊறவைத்து, ஐப்பசி மழைக்கு முன் நிலத்திலேயே ஊன்றுவது நன்று. ஆணிவேர் ஆழ்ந்திறங்கும் இச்செடி பெயர்த்து நடுவதை எளிதில் பொறுப்பதில்லை.